எட்டு மணி நேரத் தீவு

போன மாதம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. இருபது மாடிக் கப்பல், உச்சியில் சறுக்குக் குழாய்கள் இடியப்பம் போலப் பின்னிக் கிடந்தன. கீழே மாமி எழுதியிருந்தார்: "அண்ணாவின்ர எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லாரும் சேர்ந்து போவமே. சமைக்கத் தேவையில்லை, பிள்ளையளுக்கும் விளையாட்டு. ஆர் ஆர் வாறியள்?"

பத்து நிமிடத்துக்குள் பதினான்கு பெருவிரல்கள். நான் மட்டும், "நான் வரேல்ல. ஏன் எண்டு ஆறுதலாச் சொல்லுறன்" என்று எழுதினேன். அதற்கு ஒரு பெருவிரலும் விழவில்லை. அப்பா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. இரவு அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உனக்கு எங்களோட வர விருப்பமில்லையோ?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு நான் அன்று சொல்லத் தெரியாமல் விழுங்கிய பதில். இதைப் படிக்கிற பலர் இப்போதுதான் பல்கலைக்கழகம் முடிக்கிறீர்கள், முதல் சம்பளம் எடுக்கிறீர்கள். கரீபியன் குரூஸ் அழைப்பு உங்களுக்கும் வரும். வரும்போது என் வாதத்தையும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் ஒப்புதல் வாக்குமூலம். நானும் போயிருக்கிறேன். கொம்பனியின் பெயர் வேண்டாம். புவெட்டோ றிக்கோவின் சான் வான் துறைமுகத்தில் ஏறி, ஏழு நாளில் ஐந்து தீவு. முதல் இரண்டு நாள் எனக்கும் நல்லாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். காலையில் முட்டை அப்பம் தவிர எல்லாம் கிடைத்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் கப்பலில் வந்த எங்கள் சித்தப்பா ஒருவர், சாப்பாட்டு மேசையில் இறாலை உரித்துக்கொண்டு, "அப்ப கப்பலில வந்து அகதி எண்டு நிண்டன், இப்ப கப்பலில நிண்டு தீவு பாக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

நாலாம் நாள் குவாதலூப். காலை எட்டு மணிக்குப் புவாந்த்-ஆ-பீத்ர் நகரில் கட்டினார்கள். மாலை நாலரைக்குள் திரும்பி ஏற வேண்டும். அந்த எட்டரை மணியில் ஒரு மணி இறங்குகிற வரிசை, ஒரு மணி ஏறுகிற வரிசை. நடுவில் கப்பலிலேயே பணம் கட்டி எடுத்த பஸ் பயணம்: ஒரு கடற்கரை, ஒரு ரம் கடை, திரும்பவும் துறைமுகக் கடைகள். நாங்கள் நாலு பேரும் அன்று அந்தத் தீவின் கையில் நேரடியாகக் கொடுத்தது முப்பது யூரோவும் வராது. இரண்டு காந்த ஸ்டிக்கர், நாலு இளநீர்.

அந்தத் தீவில் தமிழர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்று தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு ஏதோ படிக்கும்போது தெரிய வந்தது. 1854 டிசெம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலித் தொழிலாளரைக் குவாதலூப்பில் இறக்கியது. அதற்கு முந்தைய வருடம் அதே கப்பல் பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் இறக்கியிருந்தது. அடிமைமுறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. மீதியை நீங்களே ஊகிக்கலாம். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி தமிழர். மாரியம்மன் அங்கே 'மாலியெமென்' ஆனாள். மார்ட்டினிக்கில் மதுரை வீரன் 'மல்தெவிலன்' ஆனார். தீவில் எல்லா நிறத்தவரும் சமைக்கிற ஒரு கறிக்குப் பெயர் 'கொலம்போ'. நம் குழம்புதான் அப்படித் திரிந்தது என்று சொல்பவர்கள் பலர், இல்லை அது கொழும்பு என்பவர்களும் உண்டு. கப்பெஸ்தேர் என்ற ஊரில் வீதியோரத்திலேயே ஷாஞ்சி கோயில் நிற்கிறது. அதே ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904 தொடங்கி 1923 வரை வழக்காடி வென்றார்.

துறைமுகத்திலிருந்து அந்த ஊர் காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மாவும் அப்பாவும் அன்று என்னோடு அந்தத் தீவில்தான் இருந்தார்கள். அப்பா வெய்யிலில் துறைமுகக் கடை வாசலில் நின்று, "ஊரில இருந்து ஆக்கள் வராத இடம் எண்டு ஒண்டு இருக்குதெண்டால் இதுதான்" என்றார். எனக்கு அதை இன்று நினைத்தாலும் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது.

நீங்கள் கேட்கலாம்: தேடாதது உன் பிழை, கப்பல் என்ன செய்யும்? பாதி சரி. ஆனால் தேடாமல் இருப்பதற்காகத்தானே அந்தப் பயணமே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நான் வேலையில் மென்பொருள் அமைப்புகளை ஆராய்கிறவன். ஒரு அமைப்பு எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டுமா, காசு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். குரூஸ் கொம்பனிக்குப் பயணச்சீட்டு ஒரு வாசல் மட்டும். குடிவகை, கசினோ, இணையம், படம், ஸ்பா, கரைச் சுற்றுலா எல்லாம் மற்ற வாசல்கள். கரைச் சுற்றுலாவில்கூட நீங்கள் கட்டுகிற காசில் கணிசமான பங்கு கப்பலோடு நின்றுவிடும். நீங்கள் தீவில் நிற்கிற ஒவ்வொரு மணியும் கப்பலுக்குச் செலவழிக்காத மணி.

அதனால்தான் அவர்கள் சொந்தத் தீவு வாங்கினார்கள். நோர்வீஜியன் கொம்பனி பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கேயை 1977இல் எடுத்துத் தொடங்கி வைத்தது. டிஸ்னி 1998இல் இருந்து காஸ்ட்அவே கே. றோயல் கரீபியன் லிட்டில் ஸ்டிரப் கேயை 'கோகோ கே' ஆக்கி, 250 மில்லியன் டொலர் கொட்டி, 2019இல் தண்ணீர்ப் பூங்காவோடு திறந்தது. கடற்கரை உண்டு, தென்னை உண்டு, வெள்ளை மணல் உண்டு. ஊர் மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளை இல்லை, சந்தையில் விலை பேசுகிற ஆச்சி இல்லை. படத்தில் இடையூறாக வரக்கூடிய எல்லாவற்றையும் அழித்துவிட்டு மிஞ்சியதற்குத் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது ஹெயிட்டியின் வடகரையில் உள்ள லபாடி. எண்பதுகளிலிருந்து றோயல் கரீபியன் குத்தகைக்கு வைத்திருக்கிற தீபகற்பம். வேலி போட்டு, காவல் போட்டு, பயணிகள் வெளியே போகாமலும் ஊரார் உள்ளே வராமலும் பார்த்துக்கொண்டார்கள். 2010 ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டியில் நிலநடுக்கம். தலைநகரம் இடிந்து விழுந்தது. மூன்றாம் நாள், ஜனவரி 15, லபாடியில் குரூஸ் கப்பல் வந்து கட்டியது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: கப்பலில் நிவாரணப் பொருளும் வந்தது, வருகிற வருமானத்தை உதவிக்குக் கொடுப்பதாகவும் சொன்னார்கள், வராமல் விட்டால் அங்கே வேலை செய்கிறவர்களின் கூலியும் போயிருக்கும். எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த வேலிக்கு உள்ளே இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த நாளில், அதே நாட்டில் வெறுங்கையால் கொங்கிறீற் கிளறிக்கொண்டிருந்தார்கள். கப்பலிலேயே இருந்து இறங்க மனம் வராமல் போன பயணிகள் சிலர் இருந்தார்கள் என்று அப்போது செய்திகளில் வந்தது. அந்தச் சிலரை எனக்குப் பிடிக்கும்.

அளவைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' 365 மீற்றர் நீளம். நிறைந்தால் 7,600 பயணிகள், கூடவே 2,350 ஊழியர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். டொமினிக்கா என்ற நாட்டின் மொத்த மக்கள்தொகையே எழுபதாயிரம் அளவுதான். ஒரு பெரிய குரூஸ் கப்பல் துறையில் சும்மா நிற்கும்போதே, குளிரூட்டிக்கும் சமையலறைக்கும் விளக்குக்கும் பத்து மெகாவாட் அளவில் மின்சாரம் கேட்கும். டொமினிக்கா முழு நாட்டுக்கும் உச்ச நேரத்தில் தேவைப்படுவது இருபது மெகாவாட்டுக்கும் குறைவு. கரையிலிருந்து மின்சாரம் கொடு என்று அந்த நாட்டைக் கேட்கவே முடியாது. எனவே கப்பல் நாள் முழுக்கத் தன் எஞ்சினைத் துறைமுகத்திலேயே ஓட்டிக்கொண்டு நிற்கும். புகை ஊருக்கு.

"இப்ப எல்லாம் எல்.என்.ஜி. தானே, சுத்தமான எரிபொருள்" என்று என் மச்சான் குழுவில் ஒரு இணைப்புப் போட்டான். எஞ்சினியரிங் படித்தவன் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை. இயற்கை எரிவாயுவில் கந்தகமும் கரித்தூளும் குறைவு, அது உண்மையான முன்னேற்றம். ஆனால் இந்தக் கப்பல்களில் பூட்டுகிற நாலு வீச்சு எஞ்சின்களில் எரியாமல் தப்புகிற மீதேன் புகைபோக்கி வழியே நேராக வானத்துக்குப் போகிறது. இருபது வருடக் கணக்கில் பார்த்தால் மீதேன் காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்குக்கு மேல் சூடாக்கும். நூற்றுக்குச் சில வீதம் தப்பினாலே எரிவாயுவால் கிடைத்த காலநிலை இலாபம் போய்விடும். மற்றப் பக்கம், 2016இல் கார்னிவலின் துணைக் கொம்பனியான பிரின்செஸ் நாற்பது மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. எண்ணெய்க் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் இரகசியக் குழாய் வைத்துக் கடலில் விட்டு, பதிவேட்டில் பொய் எழுதியதற்கு. அதைக் காட்டிக் கொடுத்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு கப்பல் பொறியியலாளர். அடுத்த துறைமுகத்திலேயே வேலையை விட்டு இறங்கிப் போனார். 2019இல் நன்னடத்தைக் காலத்தில் மீறியதற்காக மேலும் இருபது மில்லியன். எஞ்சினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிமார் அந்த வழக்கைத் தேடிப் படியுங்கள். எங்கள் தொழில்நெறி வகுப்பில் அது இருந்திருக்க வேண்டும்.

சரி, இந்தத் தீவு அரசாங்கங்கள் வரி போட்டு வாங்கினால் என்ன? முயன்றார்கள். தொண்ணூறுகளில் கிழக்குக் கரீபியன் சிறு தீவுகள் உலக வங்கியின் உதவியோடு குப்பை மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கப்பல் பயணி ஒருவருக்கு ஒன்றரை அமெரிக்க டொலர் கட்டணம் வைத்தன. குப்பைக்குக் கட்டணம், அதுவும் ஒன்றரை டொலர். கிரெனடா அதை வசூலிக்க, கார்னிவல் 1999இல் கிரெனடாவைத் தன் பயணப் பட்டியலில் இருந்தே தூக்கியது. ஒரு கோப்பிக் காசுக்காக ஒரு நாட்டை. கப்பலுக்கு அடுத்த தீவு எப்போதும் உண்டு, தீவுக்கு அடுத்த கடல் இல்லையே. இந்தக் கொம்பனிகள் தலைமையகத்தை மியாமியில் வைத்துக்கொண்டு, கார்னிவல் வெளிநாட்டிலும் றோயல் கரீபியன் லைபீரியாவிலும் பதிவு செய்திருக்கின்றன. அமெரிக்க வரிச் சட்டத்தின் 883ஆம் பிரிவு வெளிநாட்டுக் கப்பல் கொம்பனிகளின் கப்பல் வருமானத்துக்கு வருமான வரி விலக்குக் கொடுக்கிறது. கனடாவில் என் சம்பளத்தில் பிடிக்கிற வரியை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

அறை துடைக்கிற ஊழியரைப் பற்றியும் ஒரு வரி. கடல் தொழிலாளர் உடன்படிக்கையில், வாரத்தில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு கொடுத்தால் போதும் என்ற வழி இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி. கழித்துப் பாருங்கள்: 91 மணி நேரம் வேலை வாங்கலாம், சட்டப்படி. எங்கள் அறையைப் பார்த்தவர் கேரளாக்காரர். துவாயில் யானை செய்து வைப்பார். ஊருக்குப் போய் எட்டு மாதம் என்றார். அம்மா அவருக்குக் கடைசி நாள் கையில் காசு வைத்துவிட்டு அறைக்குள் வந்து அழுதார்.

இப்போது மாமியின் பக்கம். அவரும் சும்மா எழுதவில்லை. அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது. கப்பலில் லிப்ட் உண்டு, சக்கர நாற்காலி போகும், டொக்டர் உண்டு. பத்தொன்பது பேர் கொண்ட குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ் ஏழு நாள் இருப்பதற்கு இதைவிட மலிவான வழி அதிகமில்லை. முப்பது வருடம் இரண்டு வேலை செய்துவிட்டு, மூன்று வேளையும் யாரோ பரிமாற இருந்து சாப்பிட வேண்டும் என்று மாமி ஆசைப்பட்டால், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வயதானவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் கப்பல் ஒரு விடுதலை என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். நான் சண்டை போடுவது இருபத்தைந்து வயதில், இரண்டு காலும் நல்லாக இருக்கும்போது, அதே கப்பலில் ஏறி "ஐந்து நாடு பாத்திட்டன்" என்று இன்ஸ்டாவில் போடுகிறவர்களோடு.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் விடமாட்டேன். முதுகுப் பையோடு போய், மூன்று நாளில் ஒரு மீனவனோடு படம் எடுத்து, "அசல் வாழ்க்கையை அனுபவித்தேன்" என்று எழுதுகிறவர்கள். அசல் என்ற சொல்லே இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. விமானமும் புகைதான், குரூஸ் ஏற மியாமிக்குப் பறப்பதும் புகைதான். நானும் புனிதன் இல்லை. என் அளவுகோல் சின்னது: அந்த ஊரில் நித்திரை கொண்டாயா? அந்த ஊர்க்காரரிடம் காசு கொடுத்துச் சாப்பிட்டாயா? மழை பெய்தால் அவர்களோடு சேர்ந்து நனைந்தாயா?

கதை தெரிந்தபின், முந்தைய வருடம் நானும் மனைவியும் திரும்பப் போனோம். மொன்றியலில் இருந்து குவாதலூப்புக்கு நேராக விமானம் இருக்கிறது. தீவுகளுக்கு இடையில் 'எக்ஸ்பிரஸ் தெ ஸீல்' என்ற படகுச் சேவை குவாதலூப், டொமினிக்கா, மார்ட்டினிக், சென்ற் லூசியா நாலையும் இணைக்கிறது. சுற்றுலாக்காரருக்கென்று ஓடுகிற படகு என்று நினைத்துத்தான் ஏறினேன். ஏறியவர்களில் பாதி டொமினிக்காவில் தாய் வீட்டுக்குப் போகிறவர்கள், அரிசி மூட்டையும் தொலைக்காட்சிப் பெட்டியும் கையில். ரோசோவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கால்வாயில் அலை எறிந்தது. நான் பையில் வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கிரியோலில் ஏதோ சொல்லிக்கொண்டே தோடம்பழத் தோலை உரித்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்து பஸ்ஸில் செய்கிற அதே வேலை. கைதேர்ந்த வேலை.

டொமினிக்காவில் ஐந்து இரவு. 2017 செப்ரெம்பரில் மரியா சூறாவளி ஐந்தாம் தரத்தில் அடித்த நாடு அது. நாங்கள் தங்கின வீட்டுக்காரி தன் கூரை எந்தப் பக்கமாகப் பறந்தது என்று கையால் காட்டினார். மினி பஸ்ஸில் போனோம், நிறையும் வரை புறப்படாது, நம்மூர் மினிவான் மாதிரியேதான். 'வைத்துகுபுலி' நடைபாதை தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை பதினான்கு துண்டாக, 180 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. நாங்கள் ஒன்றரைத் துண்டு நடந்து களைத்துவிட்டோம். கிழக்குக் கரையில் கலினாகோ மக்களின் நிலம். கொலம்பஸ் வருவதற்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள், 1903இல் அவர்களுக்கென்று ஒதுக்கிய மண். அங்கே மரவள்ளி மாவில் தட்டிச் சுட்ட ரொட்டி சாப்பிட்டோம். சுட்டவரிடம் எங்கள் ஊரிலும் மரவள்ளி உண்டு, அவித்துச் சம்பலோடு சாப்பிடுவோம் என்றேன். சம்பல் என்றால் என்ன என்று கேட்டார். தேங்காய், மிளகாய் என்று விளக்க, அவர் உள்ளே போய் ஒரு மிளகாய்ச் சாறு எடுத்து வந்தார். காது அடைத்தது.

அந்த ஐந்து நாளில் இரண்டு தரம் ரோசோவில் குரூஸ் கப்பல் வந்து நின்றது. கப்பல் ஊரைவிட உயரம். காலையில் சந்தைச் சதுக்கம் நிறைந்தது, மூன்று மணிக்கு வெறுமையானது. எங்கள் மினி பஸ் சாரதி, "அவர்கள் வருவது நல்லது, எனக்கு இரண்டு ஓட்டம் கிடைக்கும், ஆனால் அவர்கள் சாப்பிட வரமாட்டார்கள், கப்பலில் சாப்பாடு சும்மா தானே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

கோபமாகச் சொன்ன ஊர்களும் உண்டு. புளோரிடாவின் கீ வெஸ்ட் மக்கள் 2020 நவம்பரில், 1,300 பேருக்கு மேல் கொள்கிற கப்பல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அடுத்த வருடமே மாநிலச் சட்டசபை அந்த வாக்கைச் செல்லாததாக்கியது. போரா போரா ஒரு நாளைக்கு 1,200 கப்பல் பயணிகள் போதும் என்று வரம்பு போட்டது. கேமன் தீவுகளில் 2025 ஏப்ரலில் பெரிய கப்பல் துறை கட்டலாமா என்று மக்களையே கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள்.

குவாதலூப்புக்குத் திரும்பிவந்து கடைசி இரண்டு நாள் கப்பெஸ்தேர். கோயிலுக்குப் போனபோது பூசை இல்லை, கூட்டுகிற ஒரு ஐயா மட்டும். கறுத்த, மெலிந்த, எங்கள் பெரியப்பா சாயல். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தோடு சரி. 'மாலியெமென்' என்று சிலையைக் காட்டினார். நான் 'மாரியம்மன்' என்றேன். அவர் திருத்தினார்: மாலியெமென். சரி ஐயா என்று ஒத்துக்கொண்டேன். நூற்றெழுபது வருடம் வைத்துக் காப்பாற்றினவர் அவர், நான் எட்டு மணி நேரத்தில் தவறவிட்டவன்.

இதையெல்லாம் போன ஞாயிறு அப்பாவிடம் நேரே போய்ச் சொன்னேன், படங்களும் காட்டினேன். மாமி கப்பலைப் பதிவு செய்துவிட்டார், அதில் மாற்றமில்லை. மார்ச்சில் பதினெட்டுப் பேர் போகிறார்கள், நான் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டுவேன் என்று சமாதானம் பேசியாயிற்று. ஆனால் ஏப்ரலில் அப்பாவையும் அம்மாவையும் குவாதலூப்புக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன், படிக்கட்டு இல்லாத கீழ் வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றும். அப்பா படத்தைப் பெரிதாக்கிக் கோபுரத்தைக் கனநேரம் பார்த்தார். நான் அன்று துறைமுகத்தில் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். பேசாமல் இருந்தார்.

பிறகு, "வெள்ளிக்கிழமையில பூசை இருக்குமோ எண்டு கேட்டுச் சொல்லு. வெறுங்கையோட போகேலாது" என்றார். அரைகுறைப் பிரெஞ்சில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.